பதின்மூன்று டெசிலிட்டர் மாவு

ஹார்னோசாண்ட்,
நவம்பர் 19

அன்பு மகள் லின்னேயாவுக்கு,

காசெலில் நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன், இங்கே நானும் அப்பாவும் நலம், அவருடைய முழங்கால் மட்டும் குளிர் வந்ததும் வழக்கம்போல் முனக ஆரம்பித்துவிட்டது. முதல் பனி விழுந்தாயிற்று, படகைக் கரையேற்றிவிட்டார், இனி வசந்தம் வரும்வரை என் அடுப்படியையே சுற்றிக்கொண்டிருப்பார்.

அன்றைக்கு நீ போனை வைத்ததிலிருந்து நமக்குள் பேச்சில்லை. மாமியாரின் எழுபதாவது பிறந்தநாளுக்கு என் பட்டை பன்னைச் செய்து கொண்டுபோனாய், அது கல்லாகிவிட்டது, அந்த அம்மா காப்பியில் முக்கிப் பார்த்துவிட்டு, உங்க ஊர்ல இதை வெச்சுத்தான் ஐஸ் ஹாக்கி ஆடுவீங்களா என்று கேட்டார், எல்லாரும் சிரித்தார்கள். உனக்கு அவமானம்தான், ஒத்துக்கொள்கிறேன். அதற்காக என்னிடம், "நீ வேணும்னே எதையோ மறைச்சுட்டேம்மா, உன் பன்னு உன் கையில மட்டும்தான் வரணும் உனக்கு. கிறிஸ்துமஸுக்கு நான் வரல" என்றாயே, அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பெற்ற மகளிடம் மறைத்துவைக்க என்னிடம் என்ன புதையலா இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை யோஹென் கூப்பிட்டார், உனக்குத் தெரியாமல்தான், அவரைத் திட்டாதே. பன்னில் என்ன குறைந்தது என்று தெரிந்துகொள்ள வேண்டுமாம். நீ எதெது எவ்வளவு போட்டாய் என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். பால் அரைக் கிலோ என்றார், சரி. வெண்ணெய் நூற்றைம்பது கிராம், அதுவும் சரி. மாவு ஒரு கிலோ முந்நூறு என்றார், நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

நான் எழுதிக் கொடுத்தது பதின்மூன்று டெசிலிட்டர், அதாவது நூறு மில்லி பிடிக்கும் என் அளவுக் கிண்ணத்தால் பதின்மூன்று. இங்கே எல்லாரையும்போல நானும் கிண்ணத்தால் மாவு அளப்பவள், அங்கே உங்களுக்கு எல்லாம் தராசுதான். ஐந்து கிண்ணம் பால் அரைக் கிலோ என்று கச்சிதமாக வந்ததும், ஒரு கிண்ணத்துக்கு நூறு கிராம் என்று மாவுக்கும் அதே கணக்கைப் போட்டுவிட்டாய். மாவும் பாலும் ஒன்றாடி? எதற்கும் பார்த்துவிடுவோம் என்று பதின்மூன்று கிண்ணம் மாவைப் பையில் கட்டி அப்பாவின் மீன் தராசில் தொங்கவிட்டோம், எண்ணூறு கிராம்கூட வரவில்லை. சின்னதா இருக்கு, திரும்பத் தண்ணியிலயே விட்டுடலாம் என்றார் அவர். ஆக ஒரு கிண்ணம் மாவு அறுபது கிராம், சர்க்கரை தொண்ணூறு, பால் மட்டும்தான் நூறு. அளக்கும்போது மாவை அழுத்தாதே, கரண்டியால் அள்ளிப் போட்டு, மேலே கத்தியின் முதுகால் வழித்துவிடு. ஏலக்காயில் கஞ்சத்தனம் பண்ணாதே. அரைக் கிலோ மாவை அதிகமாகக் கொட்டி அதையும் விடாமல் பிசைந்திருக்கிறாயே, உன் தோள் என்ன பாடுபட்டிருக்கும் என்று நினைத்தேன், இருந்த கோபமெல்லாம் போய்விட்டது. முதலில் சிரித்தேன், அப்புறம் கொஞ்சம் அழுதேன்.

இந்தக் கடிதத்தோடு பொட்டலத்தில் இருப்பது என் டெசிலிட்டர் கிண்ணம், கைப்பிடி வளைந்த அதே கிண்ணம்தான். மாமியாருக்கு மறுபடியும் செய்து கொடு, இந்தத் தடவை அவர் இரண்டாவது பன்னுக்குக் கை நீட்டுவார். உங்கள் இருவரையும் ஆண்டவர் காக்கட்டும், குளிரில் தலையை மூடாமல் சைக்கிளில் போகாதே. கிண்ணம் உன்னிடம் இருப்பதால் எனக்கு இங்கே மாவு அளக்க ஒன்றுமில்லை, அது வராமல் கிறிஸ்துமஸுக்கு இந்த வீட்டில் ஒரு பன்னும் வேகாது, தபாலில் அனுப்பினால் வாங்கமாட்டேன், நீயே கையில் கொண்டுவர வேண்டும். கடையில் புதிதாக ஒன்று வாங்கினால் போயிற்று என்கிறார் அப்பா. கொஞ்சம் வாயை மூடிக்கிட்டு இருங்க என்று சொல்லியிருக்கிறேன்.

உன் வரவைப் பார்த்திருக்கும்,
அம்மா மார்கரேத்தா