நீ பொட்டு வைத்த மெமரி

என் அருமை விச்சு,

அருமை என்று எழுதிவிட்டேனே தவிர, கோபத்தோடுதான் எழுதுகிறேன். நீ போய் எட்டு மாதம் ஆகிறது. அழுதது போதும் என்று இருந்த சமயத்தில், பல்லைக் கடித்துக்கொண்டு உன்னைத் திட்ட வைத்துவிட்டாய்.

நீ உன் கையாலேயே பாகம் பாகமாகச் சேர்த்து மாட்டிக் கொடுத்த கம்ப்யூட்டர் திங்கட்கிழமை காலையில் கிளம்பவில்லை. மூன்று தடவை கூவியது, திரை கறுப்பாகவே நின்றது. காது கேளாத பிள்ளைகளின் பள்ளிக்காக நான் எழுத்து சேர்த்துக் கொடுக்கும் பாட வீடியோக்கள் எல்லாம் அதற்குள்தான். பரீட்சை வருகிறது, சனிக்கிழமைக்குள் கிடைக்காவிட்டால் வேறு ஆளிடம் கொடுத்துவிடுவோம் என்று டீச்சர் பக்குவமாகச் சொல்லிவிட்டார். நம் கரமனை வீட்டில் இப்போது சம்பாதிப்பது நான் ஒருத்திதான். மறந்துவிட்டாயா?

பக்கத் தகட்டைக் கழற்றினேன். உள்ளே இரண்டு மெமரிப் பட்டை, ரேம் என்பார்களே அது. ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தேன். ஒன்றை வைத்தால் கிளம்பியது, ஆனால் வீடியோவைத் திறந்ததும் திணறி நின்றது. மற்றது செத்தே போயிருந்தது. அதைப் போலவே ஒன்று வாங்க, மேலே ஒட்டியிருக்கும் லேபிளைப் படித்தால் போதும். படிக்க முடிந்தால்தானே! வருஷா வருஷம் சரஸ்வதி பூஜைக்குப் பெட்டியைத் திறந்து, இரண்டு லேபிள் மேலும் சந்தனத்தை அப்பிக் குங்குமம் வைத்திருக்கிறாய். உலகத்தில் வேறு எவனாவது இதைச் செய்வானா? பெட்டிக்கு வெளியே இடமா இல்லை?

அம்மா வந்து குனிந்து பார்த்தாள். காய்ந்த சந்தனத்தில் உன் விரல் ரேகை அப்படியே இருந்தது.

"துடைக்காதேடீ மீனா. கொழந்தை கை பட்ட இடம்டீ."

"நம்பர் தெரியாம கடைல என்னத்தைம்மா கேக்கறது?"

"அப்போ ஒண்ணை மட்டும் துடைச்சுக்கோ. இன்னொண்ணை எனக்காக விட்டுடு."

சரி என்று வாக்குக் கொடுத்தேன். செத்ததை எடுத்துக்கொண்டு ஆரியசாலை பக்கத்துக் கம்ப்யூட்டர் கடைக்குப் போனேன். கடைக்காரர் நாகர்கோவில்காரர்.

"இது என்னதாக்கும் அக்கா, சந்தனமா? மெமரிக்குமா பொட்டு வப்பாங்க?" என்று சிரித்துக்கொண்டே ஸ்பிரிட் தொட்ட பஞ்சை நீட்டினார். நானே துடைத்தேன். "வகை டிடிஆர் நாலு, வேகம் மூவாயிரத்தி இருநூறு. மத்ததும் இதேதானே? ரெண்டும் ஒண்ணுபோல இருக்கணும், கேட்டியளா."

"ஜோடிதான். என் தம்பி பார்த்து வாங்கிப் போட்டது." எவ்வளவு பெருமையாகச் சொன்னேன் தெரியுமா?

வீட்டுக்கு வந்து மாட்டினால், கிளம்பிய உடனே நின்றுபோய் நீலத் திரை. அணைத்துப் போட்டால் மறுபடியும் நீலத் திரை. கடைக்காரரைப் போனில் கூப்பிட்டேன்.

"உள்ள இருக்க பழையதுக்க நம்பரை ஒண்ணு நோக்குங்க அக்கா. அது வேறயா இருக்கும்."

அம்மா அடுக்களையில் இருந்தாள். அவளுக்காக விட்டிருந்த சந்தனத்தையும் அவளைக் கேட்காமலே துடைத்தேன். இரண்டாயிரத்து நானூறு! வேகமும் வேறு, கம்பெனியும் வேறு. கையில் கிடைத்ததைச் செருகிவிட்டு ஜோடி என்று பீற்றிக்கொண்டிருக்கிறாய். கம்ப்யூட்டர் நடுவில் நின்றுபோகும்போதெல்லாம், "ஸ்க்ரீன்ல நூறு ஜன்னலைத் தொறந்து வச்சா அது என்னக்கா பண்ணும்?" என்று என்னைத்தானே குறை சொன்னாய்? நெஞ்சு வலித்தபோதும் "கேஸ் ட்ரபிள்தான், தானா அட்ஜஸ்ட் ஆயிடும்" என்றாய். உனக்கு எல்லாமே அட்ஜஸ்ட் ஆகிவிடும். இங்கே இருக்கிறவர்கள் என்ன ஆவார்கள் என்று ஒரு நாளாவது யோசித்தாயா? பதில் சொல்லேன்டா.

கடைக்காரர் முகம் சுளிக்காமல் இரண்டாயிரத்து நானூறில் மாற்றிக் கொடுத்தார். கம்ப்யூட்டர் இப்போது இத்தனை வருஷம் ஓடாத ஓட்டம் ஓடுகிறது. வீடியோக்கள் வெள்ளிக்கிழமையே பள்ளிக்குப் போய்விட்டன.

அம்மாதான் என்னோடு பேசுவதில்லை. கடைசியாகப் பேசியது இதுதான்: "ஒண்ணை விடுன்னு கெஞ்சினேனேடீ. அவன் ஜோடியாத்தானே போட்டிருந்தான்? ஒண்ணைப் பார்த்தாப் போறாதா?"

நீ ஜோடி சேர்த்த லட்சணம் நாக்கு நுனி வரை வந்தது. சொல்லியிருந்தால் நான் தப்பித்திருப்பேன்.

"ஜோடிதாம்மா. நான்தான் அவசரப்பட்டுட்டேன்" என்றேன்.

தன் பிள்ளை எதைச் செய்தாலும் பார்த்துப் பார்த்துச் செய்வான் என்று அக்கம்பக்கத்தில் இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். உன் விரல் ரேகையும் போன பிறகு, அதையும் அவளிடமிருந்து பிடுங்க எனக்கு மனசு வரவில்லை.

அம்மா அச்செழுத்தைப் படிப்பதை எப்போதோ விட்டுவிட்டாள். அந்தத் தைரியத்தில்தான் இதை நாலு பேர் பார்க்க அச்சுக்கு எழுதுகிறேன். அவள் இருக்கிறவரை உண்மையைச் சொல்ல மாட்டேன், இது சத்தியம். அவள் கோபத்தை நான் வாங்கிக்கொள்கிறேன். என் கோபத்தை நீதான் வாங்கிக்கொள்ள வேண்டும். வேறு யார்மேல் எனக்கு இவ்வளவு உரிமை இருக்கிறது?

கோபம் ஆறாத உன் கூடப்பிறந்தவள்,
மீனா அக்கா