நீங்கள் சொன்ன பத்து நிமிஷம்

குவைத்தில் இருக்கும் என் வீட்டுக்காரருக்கு,

தினமும் பத்து நிமிஷம் கண்ணை மூடி உட்கார்ந்தால் மனசு லேசாகும் என்று எழுதியிருந்தீர்கள். சிரித்த முகமாக இரு என்று வேறு! எங்கே உட்கார்வது? நீங்கள் வாங்கிப் போட்ட நான்கு விசைத்தறிகளும் நடுவீட்டில் இரைகின்றன. குழந்தை அழுதால்கூட எனக்குக் கேட்பதில்லை. நகரியில் கரண்ட் போனால் ஊரே திட்டும். எனக்கு மட்டும் உயிர் வரும்.

இப்போது தறிகள் நின்றிருக்கின்றன. உங்கள் அம்மா வாசலில் கத்துகிறார்: “எதிர் வூட்ல தறி ஓடிக்கினு கீது, நமக்கு மட்டும் இன்னாடி கேடு?”

குழந்தை தூக்கத்தில் மூச்சுவிடுவது கேட்கிறது.

ஃபியூஸ் கட்டை என் மடியில் இருக்கிறது. பத்து நிமிஷம் எப்போதோ முடிந்துவிட்டது. இன்னும் மாட்டவில்லை.

இப்படிக்கு,
உங்கள் தறிகளைப் பார்த்துக்கொள்பவள்