185-ஆ, 205-ஆ

இம்கே,

பட்டாணி சூப் அடுப்பின் மேல் இருக்கிறது, சூடாக்கினால் போதும். பதினொரு மணிக்கு டயர் கடையிலிருந்து டெட்லெஃப் வருவார். ஈஸ்டருக்குள் நம் பழைய ஸ்போர்ட்ஸ் காரின் குளிர்கால டயர்களைக் கழற்றிக் கோடைக்கால டயர் மாட்ட வேண்டும். அகலம் 185 மி.மீ.யா, நீ விரும்பும் 205-ஆ என்று கேட்பார். கராஜ் சாவி ஆணியில்.

நேற்று நீ, "185-ஆ? இதென்ன காரா, சைக்கிளா? பாக்கறவங்க சிரிப்பாங்க, ஹாயோ!" என்றாய். பதிவுச் சான்றிதழில் அந்த அகலம்தான் இருக்கிறது என்றேன். அது உண்மை, ஆனால் என் காரணம் அதுவன்று. வாகன ஆய்வாளரிடம் காட்டி 205-ஐயும் அதில் சேர்த்துவிடலாம்.

இந்தக் காரின் ஸ்டியரிங்கைக் கைபலத்தால்தான் திருப்ப வேண்டும். டயர் அகலமானால் அது இன்னும் கனக்கும். தோளில் அறுவைச் சிகிச்சை செய்த பிறகு, வண்டியை நிறுத்தும்போது அதைத் திருப்ப இப்போதே திணறுகிறேன். உன்னிடம் சொல்லவில்லை. 205 போட்டால் இனி என்னால் அதை ஓட்ட முடியாது.

டெட்லெஃபிடம் நீயே முடிவைச் சொல். பிறகு வாதம் இல்லை.

ஹாயோ

பி.கு.: அகல டயர் காருக்கு அழகாகத்தான் இருக்கும். 205 என்றே சொன்னால், ஞாயிற்றுக்கிழமை நீ ஓட்டு. பக்கத்தில் உட்கார்ந்து, இல்லாத பிரேக்கை மிதிக்காமலிருக்கப் பழகிக்கொள்கிறேன்.