நம்பர் மேல் வைத்த பொட்டு

ஈப்போ,
11.11.2025, செவ்வாய்

அன்புத் தம்பி மதீசனுக்கு,

அக்கா மாதுமை எழுதுவது. இங்கே அப்பா மூச்சோடும் நான் முதுகுவலியோடும் நலம். அங்கே மெல்பர்னில் நீங்கள் மூன்று பேரும் முழு நலமாக இருக்க வேண்டும் என்று கல்லுமலை முருகனை வேண்டிக்கொள்கிறேன்.

தாளில் கடிதம் எழுதி எத்தனை வருடமாயிற்று என்று நினைவில்லை. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் இரண்டு நீலக் கோடு விழுகிறது, பதில் விழுவதில்லை. போனில் அந்த லேப்டாப் பேச்சை எடுத்தாலே உனக்கு மீட்டிங் வந்துவிடுகிறது. கடைசியாக நீ சொன்னது, அந்தக் குப்பையைத் தூக்கி எறியுங்கள் அக்கா என்பது. தாளை நடுவில் துண்டிக்க முடியாது. அதனால் எழுதுகிறேன்.

அப்பா அப்படியேதான் இருக்கிறார். வாதம் வந்து இரண்டு வருடம் ஆகப்போகிறது. வலது கையும் காலும் வரவில்லை. பேச்சில், ஆமாம் என்பதற்குச் சொல்லும் ‘ஓம்’ மட்டும் மிச்சம். கஞ்சி வேண்டுமா என்றால் ஓம், வேண்டாமா என்றாலும் ஓம். காலையில் காளியம்மா அக்கா வந்து குளிப்பாட்டும்போது மட்டும் அழுகிறார். அந்த நோய்க்கு அப்படிக் காரணமில்லாமல் அழுகை வரும் என்று டாக்டர் சொன்னார். எனக்கு அழுகிறதற்குக்கூட நேரமில்லை. துணி காயவைத்து, மருந்து கொடுத்து, அவரைப் புரட்டிப் படுக்கவைத்தால் பொழுது போய்விடுகிறது.

காளியம்மா அக்காவைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சுங்காய் ஏழாங்கட்டைத் தோட்டத்தில் அப்பா ஆபீஸ் கணக்கெழுதும் பெரிய கிராணியாக இருந்த காலத்தில் அவர் பிள்ளை பார்க்கும் ஆயாக் கொட்டகையில் வேலை செய்தார். உன்னை இடுப்பில் வைத்துச் சோறூட்டிய கை அது. தோட்டம் போன பிறகு மகனோடு ஈப்போவுக்கு வந்தவர், அப்பா விழுந்த செய்தி கேட்டுத் தானாகவே இந்த வீட்டு வாசலில் வந்து நின்றார். அறுபத்து மூன்று வயதிலும் அவரிடம் இருப்பது சிவப்பு ஐசி அடையாள அட்டைதான். இந்த மண்ணில் பிறந்து, இங்கேயே பால்மரம் வெட்டி, இன்னும் இந்த நாட்டுக் குடிமகள் இல்லை. பிறப்பைப் பதியாததால் பிறப்புப் பத்திரம் கிடையாது. மூன்று முறை மனுப் போட்டுத் திரும்பி வந்துவிட்டது. இப்போது நான்காவது முறை. ஜனவரி எட்டாம் தேதி நேர்முகத்துக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். தோட்டத்தில் பிறந்ததைக் காட்டும் பழைய பதிவு ஏதும் இருந்தால் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள். “இதும் போச்சுன்னா இனிமே படியேற என் முட்டிக்குத் தெம்பு இல்ல பாப்பா. நான் செத்தா என்னை எந்த ஊருக்காரின்னு எழுதுவாங்க?” என்று கேட்டார். நான் பாத்திரம் கழுவுவதுபோல் திரும்பிக்கொண்டேன்.

அப்போதுதான் அப்பாவின் பழைய ஆபீஸ் லேப்டாப் ஞாபகம் வந்தது. ரப்பர் தோட்டம் கைமாறிச் செம்பனைத் தோட்டம் ஆனபோது, கரையான் தின்றது போக மிஞ்சிய புத்தகங்களை ஆபீஸ் பின்னால் போட்டு எரித்தார்கள். அதற்கு முன்னால் தோட்டத்து ஆஸ்பத்திரியின் பிறப்புப் புத்தகம் முழுவதையும் அப்பா அதில் ஏற்றிவைத்தார். நான் பினாங்கில் வேலையில் இருந்தேன். நீ எஸ்பிஎம் பரீட்சை எழுதிவிட்டுச் சும்மா இருந்த மூன்று மாதம் அது. அவர் வாசிக்க வாசிக்க நீதான் தட்டினாய்.

இங்கே சிலிபின் வட்டாரத்தில் தர்மேந்திரன் என்று ஒருவர் பழைய கம்ப்யூட்டர்களைப் பழுது பார்க்கிறார். ஐம்பது வயது இருக்கும், என்னைப்போலவே சலித்துப்போன முகம். திறந்து பார்த்துவிட்டு, “அக்கா, இது மியூசியத்துக்குப் போற சாமான்லா. ஆனா உயிர் இருக்கு” என்றார். விண்டோஸ் 98 கெட்டுப்போய், கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தோடு நின்றுவிட்டது. உள்ளே இருக்கும் பதிவுகளை வேறு கம்ப்யூட்டருக்கு நகல் எடுத்துப் பார்த்தார். எடுக்க முடிந்தது, படிக்க முடியவில்லை. தோட்டத்துப் புரோகிராமுக்கு ஒரு பூட்டு உண்டாம். தீப்பெட்டி அளவில், பின்னால் பிரிண்டர் துளையில் செருகியிருக்கிறதே, அதுதான். அது இருந்தால்தான் திறக்கும், இந்தக் காலத்துக் கம்ப்யூட்டரில் அந்தத் துளையே கிடையாது. ஆக, இதே கிழத்தில் அதே பழைய விண்டோஸை மறுபடி ஏற்றியாக வேண்டும்.

ஏற்றுவதற்கு அதோடு வந்த சிடி வேண்டும் என்றார். சிடி எங்கே போயிற்று தெரியுமா? அப்பா ஓய்வு பெற்ற வருடம், குருவி வராமல் இருக்க மிளகாய்ச் செடிமேல் நூல் கட்டித் தொங்கவிட்டார். பின்வேலியில் ஒன்று இன்னும் கிடந்தது. கழுவிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். தர்மேந்திரன் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். பளபளப்பு உரிந்து, அதன் வழியாக அவர் முகம் எனக்குத் தெரிந்தது. நான் சிரித்துவிட்டேன். இந்த வருடத்தில் நான் சிரித்தது அந்த ஒரு தடவைதான் என்று நினைக்கிறேன்.

நல்ல வேளை, அந்த சிடியில் இருந்ததையெல்லாம் யாரோ முன்யோசனையாக லேப்டாப் உள்ளேயே ஒரு மூலையில் நகல் எடுத்து வைத்திருந்தார்கள். “வெவரமான ஆளு யாரோ செஞ்சிருக்காங்க அக்கா” என்றார் தர்மேந்திரன். அப்பாவுக்கு அதெல்லாம் தெரியாது. அது நீதான். பழைய ஃப்ளாப்பி ஒன்றைப் போட்டு எழுப்பி, அந்த நகலிலிருந்து ஏற்றத் தொடங்கினார். பாதி வழியில் அது இருபத்தைந்து எழுத்து நம்பர் கேட்டது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பது இதுதான். நம்பர், லேப்டாப்பின் அடிப்பக்க ஸ்டிக்கரில் இருக்கும் என்றார். புரட்டினால் அங்கே ஸ்டிக்கரே தெரியவில்லை. விரல் கனத்துக்குச் சந்தனம்.

உனக்கு மறந்திருக்காது. ஆயுத பூசைக்கு அப்பா காருக்கு நம்பர் பிளேட்டில்தான் பொட்டு வைப்பார். கம்ப்யூட்டருக்கும் நம்பர் இருக்கும் இடம்தான் நெற்றி என்று அவர் கணக்கு. மூடிமேல் வையுங்கள் என்று அம்மா சொன்னாலும் கேட்கமாட்டார். வருடா வருடம் தலைகீழாகக் கவிழ்த்து, சந்தனம் குழைத்து, குங்குமம் வைத்து, அதைத் துடைக்காமலே உறையில் போட்டுவிடுவார். ஒன்றின்மேல் ஒன்றாக இருபத்து மூன்று பூசை அங்கே உட்கார்ந்திருக்கிறது.

நான் அவசரக்காரி. ஈரத்துணியை வைத்து அழுத்தித் தேய்த்தேன். சந்தனத்தோடு தாளும் உரிந்து வந்தது. கடைசி இரண்டு எழுத்து போயே போயிற்று. தரையில் உட்கார்ந்துவிட்டேன், தம்பி. என் கை ராசியே அப்படி என்று தோன்றியது. காளியம்மா அக்காதான் என் கையிலிருந்து துணியை வாங்கிப் போட்டார். பஞ்சில் தேங்காயெண்ணெய் தொட்டு, அப்பாவின் படுக்கைப்புண்ணைத் துடைக்கிற மாதிரியே, அழுத்தாமல் ஊறவைத்து ஊறவைத்து எடுத்தார். ஒரு மதியம் முழுக்க அதற்கே போயிற்று. மிச்ச இருபத்து மூன்று எழுத்தும் கீழே பத்திரமாக இருந்தன. ஆங்கில எழுத்து மட்டும் தெரிந்த அவர் ஒவ்வொன்றாகச் சொல்ல நான் எழுதிக்கொண்டேன். போன இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்ப்பதாகத் தர்மேந்திரன் எடுத்துப் போயிருக்கிறார். திறந்தால் எழுதி முடிக்கிறேன், திறக்காவிட்டாலும் எழுதுகிறேன்.

14.11.2025, வெள்ளி

திறந்துவிட்டது. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது.

எத்தனையோ தடவை போட்டுப் பார்த்து, நேற்று நம்பரை ஒத்துக்கொண்டதாம். பிரிண்டர் இல்லாமல் காகிதம் வராது என்பதால், தர்மேந்திரன் ஒரு கார்ப் பட்டறையிலிருந்து பழைய ஊசிப் பிரிண்டரை இரவல் வாங்கி, எல்லாவற்றையும் இன்று காலை வீட்டுக்கே கொண்டுவந்தார். அவருக்குக் காப்பி போட்டுக் கொடுத்தேன். காளியம்மா அக்கா அவர் பக்கத்தில் நின்று, அப்பன் பெயர் ஐயாவு என்று சொன்னார். தர்மேந்திரன் தட்டினார். ஒரே ஒரு வரி வந்தது. பிரிண்டர் கிறீச்சிட்டு ஓடத் தொடங்கியதும் உள்ளறையில் அப்பா தலையைத் தூக்கினார். அந்தச் சத்தத்தில்தானே கடைசிப் பத்து வருடம் சம்பளப் பட்டியல் எடுத்தார்.

காகிதத்தை நான்தான் கிழித்தெடுத்து வாசித்தேன். எல்லாம் ஆங்கிலத்தில். காளியம்மா, ஐயாவு மகள், பால்மரம் வெட்டும் தொழிலாளி. பதினேழு மார்ச் 1962. தோட்ட ஆஸ்பத்திரி. சுகப்பிரசவம். அக்கா கையெடுத்துக் கும்பிட்டு, “நான் பொறந்துட்டேன் பாப்பா” என்றார். அதற்கு அப்புறம் ஒரு கட்டம் இருந்தது, குறிப்பு என்று. அதையும் வாசிக்கத்தான் வாய் திறந்தேன், ஆனால் கண்ணால் வாசித்ததோடு நிறுத்திக்கொண்டேன்.

‘தகப்பன் கைநாட்டு வைத்த படிவம் என் மேசை இழுப்பறையிலேயே தங்கிவிட்டது. பிறப்பைப் பதியச் சுங்காய் போலீஸ் நிலையத்துக்கு அனுப்பவில்லை. துரைக்குப் பயந்து சொல்லவுமில்லை. தவறு என்னுடையது. துரைசிங்கம்.’

அப்பாவுக்கு அப்போது இருபது வயது. வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம். மறந்ததை நான் மன்னிப்பேன், தம்பி. ஆனால் அந்த மூன்று மனுவையும் காளியம்மா அக்காவுக்கு எழுதிக் கொடுத்தது யார்? நம் அப்பாதான். அச்சுக் குத்திய மாதிரி அழகான கையெழுத்தில், மூன்று முறை. அதில் எதிலும் இந்த வரி இல்லை. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது. அக்கா பக்கத்தில் இல்லாத நேரம் அப்பா முகத்தைப் பார்த்துக் கேட்டுவிட்டேன், உங்களுக்குத் தெரியும்தானே என்று. ஓம் என்றார். எதற்கும் ஓம் சொல்கிற மனிதர்தான். ஆனால் இம்முறை கண்ணை மூடிக்கொண்டார். குளிப்பாட்டும்போது ஏன் அழுகிறார் என்று இனி டாக்டர் எனக்குச் சொல்ல வேண்டாம்.

கட்டத்தின் ஓரத்தில், தட்டியவர் என்ற இடத்தில் உன் பெயரின் முதலெழுத்து இருக்கிறது. ஒவ்வொரு வரியிலும் இருக்கிறது, இந்த வரியிலும் இருக்கிறது. பதினேழு வயதில் அப்பா சொல்லச் சொல்ல இதை நீ தட்டியிருக்கிறாய். இருபத்தைந்து வருடமாக உனக்குத் தெரியும். ஊருக்கு வரும்போதெல்லாம் காளியம்மா அக்காவுக்குச் சேலை வாங்கி வந்தாய், ஆனால் அவர் வீட்டில் ஒரு வாய் காப்பி குடிக்க நீ உட்கார்ந்ததில்லை. குப்பையில் போடச் சொன்னதும் எனக்கு இப்போது விளங்குகிறது. அப்பா பெயரைக் காப்பாற்ற நினைத்தாய். உன்னைத் திட்டத்தான் உட்கார்ந்தேன், ஆனால் திட்டுவதற்கும் தெம்பு வேண்டும்.

மத்தியானம் ஒரு வக்கீலிடம் கேட்டேன். இந்தத் தாள் தனியாக நிற்காது என்றார். புத்தகம் எரிந்துவிட்டது. புத்தகத்தைப் பார்த்து உள்ளபடி எழுதினேன் என்று, எழுதியவர் வந்து சத்தியம் செய்து கையெழுத்துப் போட்டால் அதற்கு ஒரு பலம் வரும் என்றார். கையெழுத்துக்கு அப்பாவின் கை வராது, சத்தியத்துக்கு வாய் வராது. அந்த மேசையில் அன்றைக்கு இருந்தது இரண்டே பேர். மற்றவர் நீ.

அந்தக் கட்டத்தை மறைத்துவிட்டு மிச்சத்தை மட்டும் நகல் எடுக்கலாமா என்று எனக்கும் ஒரு நிமிடம் தோன்றியது. தோன்றவில்லை என்று சொன்னால் அது பொய். ஆனால் ஏன் பதியவில்லை என்று கேட்டால் காளியம்மா அக்காவுக்கு இருக்கிற ஒரே பதில் அந்தக் கட்டம்தான். முழுத் தாளைத்தான் கொடுக்கப்போகிறேன். அப்பா பெயர் போகட்டும். அவருடைய மகள் நான் சொல்கிறேன்.

அந்த சிடியை அன்றைக்கு லேப்டாப் உள்ளே நகல் எடுத்து வைத்தாயே, ஏன் தம்பி? என்றைக்காவது யாராவது இதைத் திறக்க வேண்டிவரும் என்று உனக்குத் தோன்றியிருக்கிறது. மூட நினைக்கிறவன் அப்படிச் செய்யமாட்டான். அந்தப் பிள்ளையை நம்பித்தான் இதை எழுதுகிறேன்.

ஜனவரி முதல் வாரமே வந்துவிடு. பொங்கல் வரை இருந்துவிட்டுப் போ. உன் அறையில் அப்பாவின் சக்கர நாற்காலி நிற்கிறது, எடுத்துவிடுகிறேன். நீ வந்தால் ஒரு நாள் மத்தியானம் நானும் கொஞ்சம் படுத்துத் தூங்குவேன்.

காளியம்மா அக்கா தாளை மடித்துக் கொடுக்கும்போது, “கடைசியில இன்னும் என்னமோ இருக்கே பாப்பா, வாசிக்கலியே?” என்று கேட்டார். அது ஆபீஸ் விசயம், தம்பி வந்து வாசிப்பான் என்று சொல்லிவிட்டேன். “தம்பி வாராரா!” என்று அவருக்கு ஒரே சந்தோசம். உனக்குப் பிடிக்கும் என்று இப்போதே நெத்திலிக் கருவாடு வாங்கி வெயிலில் வைத்திருக்கிறார்.

முருகன் உனக்கு நல்ல மனத்தைக் கொடுக்கட்டும். தாள் சாமி மேசையில் இருக்கிறது. அந்தக் கட்டத்தை நான் வாசிக்கமாட்டேன்.

உன் வரவை எதிர்பார்க்கும் அக்கா,
மாதுமை