அறுபதாவது லெவல்

ஐப்பசி 12, புதன்

மல்லிகாவை இன்று அநியாயமாகத் திட்டிவிட்டேன். சாயங்காலம் நான் வூட்டுக்குள் நுழைந்ததும், "என்னங்க, உங்க கேம்ல ஒரு பன்னிய அடிச்சேன், அறுபதுன்னு வந்துடுச்சுங்க" என்றாள். பெருமையாகத்தான் சொன்னாள். அவளுக்கு எப்படித் தெரியும்? கட்டிக்கொண்ட நாளிலிருந்து நான்தான் சொன்னதே இல்லை.

அந்த விளையாட்டில் அறுபதுதான் கடைசி லெவல். காலேஜ் நாளில் தருமபுரி பஸ் ஸ்டாண்டு பக்கத்து பிரவுசிங் சென்டரில் நானும் அருளும் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்து ஆடுவோம். நான் முன்னால் நின்று அடி வாங்குவேன். அவன் பின்னால் நின்று மந்திரம் போட்டு என் காயத்தை ஆற்றுவான். இரண்டு பேரும் ஐம்பத்தொன்பதில் இருந்தபோது அவனுக்குப் பெங்களூரில் வேலை கிடைத்தது. "நான் வந்தப்புறம் சேந்து ஏறலாம்டா, தனியா ஏறிடாத" என்றான். பத்து வருஷமாக ஞாயிறுதோறும் கேமைத் திறப்பேன். எதையும் கொல்ல மாட்டேன். அவன் பெயருக்குப் பக்கத்தில் ஐம்பத்தொன்பது இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மூடுவேன். இருக்கும்.

உடனே அருளுக்குப் போன் போட்டு, அறுபது ஏறிவிட்டதைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

"டேய், பெங்களூர் வந்த மொத வருஷமே வேற பேருல ஆடி அறுபது தொட்டுட்டேன்டா. நீ பாத்தா வருத்தப்படுவன்னு பழைய பேர அப்படியே வுட்டுட்டேன்."

கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. எனக்கு வலிக்காமல் பார்த்துக்கொள்வதுதானே அப்போதும் அவன் வேலை.

மல்லிகா அந்தப் பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறாள். அந்தப் பன்னியை எப்படி அடித்தாள் என்று காலையில் கேட்க வேண்டும்.