அப்பாவின் இடது கண்

அன்பு மகளுக்கு, அம்மா எழுதுறேன். நீயும் மாப்பிள்ளையும் சௌக்கியமா, குட்டி ராத்திரியில தூங்க விடுறாளா? நாங்களும் சௌக்கியம்னு எழுதத்தான் உட்கார்ந்தேன், கை வரலை. போன்ல சொன்னா பாதியிலயே உடைஞ்சு போயிடுவேன், அப்பாவும் பக்கத்துலயே இருப்பார், அதான் கடுதாசி. குழந்தைக்குப் பால் குடுத்துட்டு, உட்கார்ந்து நிதானமா படி.

உனக்கு அஞ்சாவது மாசம் நடக்கும்போது அப்பாவுக்கு மூக்குக்குப் பின்னால ஒரு கட்டின்னு கண்டுபிடிச்சாங்க. புற்றுநோய்தான். வெட்டி எடுக்க முடியாத இடம். டாக்டர் உன்னைப் படுத்தே இருக்கச் சொல்லியிருந்த நேரம் அது, அதனால உன்கிட்ட மூச்சு விடக்கூடாதுன்னு அப்பா என் கையைத் தன் தலைமேல வச்சு சத்தியம் வாங்கிட்டார். நீ கூப்பிடும்போதெல்லாம் அப்பா பஸ் ஓட்டப் போயிருக்கார்னு சொன்னேனே, அப்பல்லாம் ஆஸ்பத்திரி பெஞ்சுலதான் உட்கார்ந்திருந்தோம்.

புரோட்டான்னு ஒரு கதிர் வச்சு வைத்தியம். மத்த கதிரெல்லாம் உடம்பைத் துளைச்சுக்கிட்டு அந்தப் பக்கம் போயிடுமாம், இது சொன்ன இடத்துல போய் நின்னுடும்னாங்க. நல்ல பிரேக்குன்னு அப்பா தலையாட்டினார். ஆனா எங்க நிக்கும்ங்கிறது வழியில எவ்வளவு சதை இருக்குங்கிறதைப் பொறுத்தது. அவருக்கோ வாயெல்லாம் புண்ணு, கஞ்சி கூட இறங்கலை, கன்னம் ஒட்டிப் போச்சு. சதை குறைஞ்சா கதிர் இன்னும் ஆழத்துக்குப் போய் நல்ல இடத்தைச் சுட்டுடும். அதனால தினமும் முகத்துல வலை மாதிரி ஒரு மூடியைப் போட்டு, அசையாம படுக்க வச்சு, முதல்ல உள்ளுக்குள்ள படம் எடுப்பாங்க. முன்னாடி எடுத்த படத்தோட ஒப்பிட்டு, மாறியிருந்தா அங்கேயே கணக்கைத் திருத்திட்டுத்தான் கதிர் விடுவாங்க. அவ்வளவு நேரமும் அவர் கட்டை மாதிரி கிடக்கணும். அந்தக் கணக்குப் போடுற பொண்ணுக்கு உன் வயசுதான் இருக்கும். ஐயா, உங்க கன்னம் நேத்து மாதிரி இல்லை, கொஞ்சம் பொறுத்துக்கோங்கன்னு மைக்குல சொல்லுவா. முடிஞ்சு வெளிய வந்ததும் அவர், இத்தனை வருஷத்துல என் பொண்டாட்டி கூட என் மூஞ்சியை இப்படி உத்துப் பார்த்ததில்லைம்மான்னு சொல்லி அவளைச் சிரிக்க வைப்பார். நானும் சிரிச்சு வச்சுட்டு, வராந்தா மூலையில போய் மூக்கைச் சிந்திக்குவேன்.

பாதி வைத்தியத்துல ஒருநாள் படம் எடுத்ததோட சரி, கதிர் விடாமலே அவரை இறக்கிட்டாங்க. டாக்டர் எங்க ரெண்டு பேரையும் உட்கார வச்சார். கட்டி சுருங்கச் சுருங்க, அதோட ஒரு நுனி இடது கண்ணு நரம்பை ஒட்டிக்கிட்டு இருக்கிறது இப்பத்தான் தெளிவா தெரியுதாம். நரம்பைக் காப்பாத்தினா அந்த நுனி தப்பிச்சுக்கும், திரும்ப வளரும். அதையும் சேர்த்துச் சுட்டா கொஞ்ச மாசத்துல அந்தக் கண்ணு போயிடலாம், நீங்கதான் சொல்லணும்னார். இந்தப் பாழாப்போன படத்தை எடுக்காமலே இருந்திருக்கக் கூடாதான்னு நான் வாய்விட்டுக் கேட்டுட்டேன். எடுக்கலைன்னா தெரிஞ்சிருக்காதும்மா, ஆனா கட்டி இருந்திருக்குமேன்னார் டாக்டர், கோபமே இல்லாம. அப்பா ஒரே ஒரு கேள்வி கேட்டார், ஒத்தைக் கண்ணோட பஸ் ஓட்ட விடுவாங்களான்னு. டாக்டர் இல்லைன்னு தலையாட்டினார். சரி சுட்டுடுங்க, பேரப்பிள்ளை வரப்போகுது, தூக்க ஆள் வேணும்ல, பார்க்க ஒரு கண்ணு போதும்னு சொல்லி எழுந்துட்டார். வாசல் வரைக்கும் நல்லாத்தான் நடந்தார். வீட்டுக்கு வர்ற பஸ்ஸுல அத்தனை சீட்டு காலியா கிடக்கு, அவர் டிரைவருக்குப் பின்னால கம்பியைப் பிடிச்சுக்கிட்டு, ரோட்டைப் பார்த்தபடி நின்னுக்கிட்டே வந்தார்.

கட்டி இப்ப அடங்கியிருக்கு, இனிமே வராதுன்னு யாரும் வாயால சொல்லலை. கண்ணு மெல்ல மெல்ல மங்கி, போன மாசத்தோட சுத்தமா போச்சு. டீயை டம்ளருக்கு வெளிய ஊத்திட்டு, மேசைக்கும் தாகம்னு சொல்றார். குளிக்கப் போறப்ப மட்டும் குழாயைத் திறந்துவிட்டுட்டு உள்ளயே இருக்கார். தண்ணிச் சத்தத்தையும் மீறி எனக்குக் கேட்கத்தான் செய்யுது. நான் கதவைத் தட்டுறதில்லை.

போன ஞாயித்துக்கிழமை வீடியோ கால்ல நீ விளையாட்டா, ஏம்ப்பா பேத்தியைச் சரியா பார்க்கக் கூட மாட்டேங்கிறீங்க, பொண்ணாப் பொறந்துட்டாளேன்னு வருத்தமான்னு கேட்டே. அவர் சிரிச்சுக்கிட்டே போனை என் கையில குடுத்துட்டு நேரா குளியலறைக்குப் போயிட்டார். உன்மேல தப்பில்லைடி, உனக்கு என்ன தெரியும். ஆனா அதுக்கு மேல எனக்குத் தாங்கலை. சத்தியத்தை மீறிட்டேன், பாவம் வந்தா என்னோட போகட்டும்.

இதைப் படிச்சுட்டு அழுதுக்கிட்டே போன் பண்ணாதே. பச்சை உடம்பு, நேரத்துக்குச் சாப்பிடு, மாப்பிள்ளைகிட்ட பக்குவமா சொல்லு. நீங்க மூணு பேரும் நோய்நொடி இல்லாம நூறு வருஷம் இருக்கணும். அப்பாகிட்ட எதுவும் தெரிஞ்ச மாதிரி காட்டிக்காதே, அவரா சொல்லட்டும். போன்ல முகத்தை ஒரு பக்கமாவே வச்சுக்கிட்டு இருந்தார்னா ஏன்னு கேட்காதே. குழந்தையை மட்டும் கொஞ்சம் அதிக நேரம் காட்டு.

உன் அம்மா