கன்றுக்கு விட்ட பால்

அக்கா,

இன்று காலை கிளினிக்கில் ஃபிரிட்ஜைத் திறந்ததும் குப்பென்று ஒரு வாடை. இரண்டு நாளாக மயிலாப்பூரில் கரண்ட் போவதும் வருவதுமாக இருக்கிறது. மருந்துப் புட்டிகளுக்குப் பின்னால் உங்கள் மாட்டின் ரத்தம் பிடித்துவைத்த கண்ணாடிக் குழாய் கறுத்துக் கிடந்தது. அடையாளத்துக்கு நீங்கள் சுற்றிவிட்ட மஞ்சள் நூல் மட்டும் அப்படியே இருக்கிறது.

அந்த மாடு போட்ட முதல் இரண்டு கன்றுகளும் ஒரு மாதம் தாண்டவில்லை. வாயெல்லாம் புண், ஓயாத சளி. நான் போட்ட எந்த ஊசிக்கும் கேட்கவில்லை. இதே மாதிரிக் கன்றுகளைப் பற்றி ஒரு வெளிநாட்டுப் பத்திரிகையில் படித்தேன். பரம்பரைக் கோளாறாம். தாய்ப் பசுவிடமும் காளையிடமும் ஒளிந்திருந்தால் கன்றைப் பிடிக்குமாம். கொஞ்சம் ரத்தம் இருந்தால் கண்டுபிடித்துவிடுவார்களாம். மாட்டுக்கு அப்போது மூன்றாவது சினை. பெரிய மேதாவி மாதிரி ரத்தத்தை எடுத்துவிட்டேன். எழுதிக் கேட்ட இடத்திலெல்லாம் அந்தச் சோதனை இங்கே இன்னும் வரவில்லை என்றார்கள்.

நீங்களோ உங்களையே நொந்துகொண்டிருந்தீர்கள். "கன்னுக்கு வுடாம ஒட்டக் கறந்து ஊருக்கு ஊத்துனேன் டாக்டரே. அந்தப் பாவந்தான்." அதனால் இல்லை என்றேன். ரத்தச் சோதனைப் பேப்பர் வரட்டும், நம்புகிறேன் என்றீர்கள். வெள்ளிக்கிழமைதோறும் கோயிலுக்குப் போகிற வழியில் எட்டிப்பார்த்து, பேப்பர் வந்ததா என்று கேட்பீர்கள். வரவில்லை என்பேன். ரத்தத்தை அனுப்பவே இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மூன்றாவது கன்றுக்கு மொத்தப் பாலையும் விட்டீர்கள். மாட வீதியில் உங்கள் வாடிக்கை வீடுகளெல்லாம் பாக்கெட் பாலுக்கு மாறின. மூன்று வாரத்தில் அதுவும் போனது. அதன் வாயைத் துடைத்துக்கொண்டே கேட்டீர்கள்: "இன்னும் இன்னா கீது டாக்டரே, வுடறதுக்கு?" நான் மருந்துப் பெட்டியைத் திறப்பதும் மூடுவதுமாக நின்றேன். அந்த மழைக்காலம் முடிவதற்குள் நீங்களும் போய்விட்டீர்கள்.

இனிமேல் காளையின் ரத்தத்தைச் சோதித்துப் பார்த்த பிறகுதான் அதன் விந்து சினை ஊசியாக வெளியே வருமாம். போன வாரம் அடையாறில் ஒரு கூட்டத்தில் சொன்னார்கள். எல்லோரும் கைதட்டினார்கள். எனக்கு எரிச்சலாக வந்தது.

குழாயைக் கழுவி, நூலோடு மேஜையில் வைத்திருக்கிறேன். இனி பேப்பர் வராது, அக்கா. வந்திருந்தாலும் அதில் நீங்கள் கறந்த பாலைப் பற்றி ஒரு வரி இருந்திருக்காது. மாட்டைப் பற்றியும் காளையைப் பற்றியும்தான் இருந்திருக்கும். நல்ல காளை என்று மெச்சி, மூன்று முறையும் அதே காளையின் சினை ஊசியைப் போட்டவன் நான்.